அவள் பார்த்தது உங்கள் முகத்தை

கேள்வி: எனக்கு 43 வயது. சிறு வயதிலிருந்தே காமிக்ஸ் என்றால் உயிர். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி குடும்பத்துடன் வீட்டுக்கு வந்திருந்தார். சமையல் முடியும்வரை எல்லோரும் பார்க்கலாம் என்று 'கிக்-ஆஸ்' படத்தைப் போட்டேன். காமிக்ஸிலிருந்து எடுத்த ஆங்கிலப் படம்; மூலக் கதையையும் படித்திருக்கிறேன். சிறுமி ஒருத்தி வாளோடு வந்து ரவுடிகளை வெட்டிச் சாய்க்கும் இடத்தில் மைத்துனர் எழுந்து, "இந்தக் குப்பையை நிறுத்துங்கள்" என்றார். "இது மிகையாக எடுத்த கேலிப் படம், ரசிக்கத் தெரியாவிட்டால் சும்மா இருங்கள்" என்றேன். பேச்சு முற்றியது. நான் மனிதனே இல்லை என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலேயே தன் மனைவி குழந்தையுடன் கிளம்பிவிட்டார் மைத்துனர். அன்றிலிருந்து பேச்சில்லை. என் மனைவியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உலகமே இரண்டாகப் பிரிந்து விவாதித்த படம் இது. ரசனையில் வேறுபாடு இருக்கக்கூடாதா? ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக்கூடப் படம் புரிந்தது. ஒவ்வொரு காட்சியிலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னோடு சேர்ந்து சிரித்தாள். மைத்துனருக்கு எப்படிப் புரியவைப்பது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்:

தம்பி, உங்கள் மைத்துனருக்குப் புரியவைக்க நான் உதவப்போவதில்லை. சினிமாவால் வீட்டில் சண்டை என்று வரும் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. நடிகருக்காக அண்ணனும் தம்பியும் பேசாமலிருக்கும் வீடுகளிலிருந்து எழுதுகிறார்கள், தொலைக்காட்சித் தொடருக்காக மாமியாரும் மருமகளும் தனித்தனியாகச் சாப்பிடும் வீடுகளிலிருந்து எழுதுகிறார்கள். எல்லோரும் கேட்பது யார் சொன்னது சரி என்றுதான். நீங்களும் அதையே கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், உங்கள் ரசனைக்குச் சாட்சியாக மகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஒவ்வொரு காட்சியிலும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதியபோது கை ஒரு நொடி நிற்கவில்லையா? வேடிக்கையான காட்சி வந்தால் பதினொரு வயதுப் பெண் திரையைப் பார்த்துத்தான் சிரிப்பாள். இதற்குச் சிரிக்கலாமா, பயப்பட வேண்டுமா, கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா என்று தெரியாமல் தவிக்கும்போது, பக்கத்தில் இருக்கும் பெரியவர் முகத்தைப் பார்ப்பாள். உங்கள் மகள் ஒருமுறை அல்ல, காட்சிக்குக் காட்சி பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அவளும் சிரித்தாள். அதைப் படம் புரிந்ததற்கு அத்தாட்சி என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். அதில் ஓர் இடத்தை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். அப்பா தன் மகளுக்குக் குண்டு துளைக்காத உடுப்பை மாட்டிவிட்டு, பயிற்சி என்று சொல்லி அவள் நெஞ்சில் சுடுகிறார். அது முடிந்ததும் வெளியே அழைத்துப்போய், பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். நாய்க்குட்டியும் பொம்மையும் வேண்டும் என்கிறாள் குழந்தை. அப்பாவின் முகம் மாறிவிடுகிறது. உடனே அவள் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சிரித்துவிட்டு, கத்தி வேண்டும் என்கிறாள். அப்பாவுக்கு உயிர் வருகிறது. இந்த இடத்தில் அரங்கமே சிரிக்கும், சிரிக்கவைக்கத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் நடப்பது என்ன? அப்பா முகம் வாடினால் நாய்க்குட்டியைக்கூட உண்மையாகக் கேட்க முடியாத ஒரு குழந்தை அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பதினொரு வயது. உங்கள் வீட்டு ஆறாம் வகுப்புக்காரிக்கும் அதே வயதுதான். அப்பா முகத்தைப் படிக்கும் ஒரு சிறுமி திரையில் இருந்தாள், இன்னொருத்தி உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தாள். நீங்கள் திரையில் இருந்தவளை மட்டும் பார்த்தீர்கள்.

உலகம் இரண்டாகப் பிரிந்தது என்கிறீர்கள். உண்மைதான். மேத்யூ வான் இயக்கி 2010-இல் வந்த படம் அது. பெரிய ஸ்டூடியோக்கள் ஏற்க மறுத்ததால் வெளியே பணம் திரட்டி எடுத்தார்கள். அந்தச் சிறுமிதான் ஸ்டூடியோக்களுக்குத் தொண்டையில் சிக்கிய முள். படம் வந்தபோது கொண்டாடியவர்கள் பலர். முகமூடி வீரர்களைப் பற்றிய கதைகள் மறைக்கும் வன்முறையை இது மறைக்காமல் காட்டுகிறது என்றார்கள், ஹிட் கேர்ல் என்ற அந்தச் சிறுமி வேடத்தில் நடித்த க்ளோயி மோரெட்ஸின் நடிப்பைப் புகழ்ந்தார்கள். மறுபக்கம் அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரத்துக்கு ஒன்றுதான் கொடுத்தார். காமிக்ஸ் தெரியாதவர் அல்ல அவர். ஒரு சிறுமி ஆட்களைக் கொல்வதையும், வளர்ந்த ஒருவன் அவளை அடித்து நொறுக்குவதையும் வேடிக்கையாகப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. 2013-இல் இரண்டாம் பாகம் வெளிவர இருந்த நேரத்தில், அதில் நடித்த ஜிம் கேரியே, இவ்வளவு வன்முறையை மனசாட்சியோடு ஆதரிக்க முடியாது என்று பின்வாங்கினார். அதற்கு முந்தைய டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். நடித்து முடித்துவிட்டு இப்போது பேசுவதா என்று அவரைக் கேட்டவர்களும் உண்டு.

இந்த இரண்டு கூட்டத்திலும் யாரும் முட்டாள் இல்லை. என் கருத்து கேட்டால், படத்தின் முதல் பாதியை மதிக்கிறேன். சாதாரணப் பள்ளிப் பையன் ஒருவன் முகமூடி மாட்டிக்கொண்டு நியாயம் கேட்கப் போகிறான். முதல் நாளே கத்திக்குத்து வாங்கி, கார் மோதி, மருத்துவமனையில் கிடக்கிறான். நிஜத்தில் அப்படித்தான் நடக்கும் என்று சொல்லத் துணிந்த படம் அது. கடைசியில் அதே பையன் துப்பாக்கிகள் பொருத்திய எந்திரத்தை முதுகில் கட்டிக்கொண்டு வானத்தில் பறந்து வந்து சுடுகிறான். எதைக் கேலி செய்யத் தொடங்கினார்களோ அதையே செய்து முடித்துவிட்டார்கள். மிகை எனக்குப் பகை அல்ல. ஒரே அடிக்குப் பத்துப் பேர் பறக்கும் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கேள்வி கேட்கத் தொடங்கிய படம் கைதட்டலுக்காக அந்தக் கேள்வியைக் கைவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

மூலக் கதையைப் படித்தவன் என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு அதிகக் கோபம் வருவதே அங்கேதான். மார்க் மில்லர் எழுதி ஜான் ரொமிட்டா ஜூனியர் வரைந்து 2008-இல் வெளிவரத் தொடங்கிய அந்தக் காமிக்ஸில், அந்த அப்பா யார் என்று உங்களுக்குத் தெரியும். படத்தில் அவர் சூழ்ச்சியால் சிறைக்குப் போன போலீஸ்காரர், மனைவியை இழந்தவர், பழிவாங்கக் காரணம் உள்ளவர். காமிக்ஸில் இதெல்லாம் அவர் மகளிடம் சொன்ன பொய். அவர் வாழ்க்கை சலித்துப்போன கணக்காளர், காமிக்ஸ் பித்தர். உயிரோடு இருக்கும் தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்துக் கொண்டுபோய், தாய் கொல்லப்பட்டாள் என்று கதை கட்டி, தன்னிடமிருந்த பழைய காமிக்ஸ் இதழ்களை விற்ற பணத்தில் அவளைக் கொலைகாரியாக வளர்க்கிறார். தன் வாழ்க்கையில் இல்லாத பரபரப்பை மகளின் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்ட ஓர் அப்பாவைப் பற்றிய கதை அது. அந்த உண்மை வெளிவரும் பக்கம்தான் புத்தகத்தின் முதுகெலும்பு. அதைப் படித்த நீங்கள், காமிக்ஸ் பித்துள்ள ஓர் அப்பா, உங்கள் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சிரித்தீர்கள் என்றால், புத்தகத்தை எப்படிப் படித்தீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

உங்களை அந்த அப்பாவோடு சேர்க்கவில்லை. நீங்கள் மகள் கையில் கத்தி கொடுக்கவில்லை. ஆனால் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் அவளுக்கும் பிடிக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கிறது. அவள் உங்களோடு சேர்ந்து சிரித்தபோது உங்களுக்குப் பெருமையாக இருந்திருக்கிறது, கடிதத்தின் நடையே அதைக் காட்டிக்கொடுக்கிறது. பெற்றவர்களுக்கு இந்த ஆசை இயல்புதான். அதை அடக்குவதும் பெற்றவர்களின் கடமைதான். படம் தயாரான பிரிட்டனில் அதற்குப் பதினைந்து வயது வரம்பு வைத்தார்கள். அமெரிக்காவில் பதினேழு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் போக முடியாது. அதில் நடித்த சிறுமியே, படத்தில் பேசிய வார்த்தைகளில் ஒன்றை வீட்டில் சொன்னால்கூடத் தனக்குத் தண்டனைதான் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறாள். நடித்த குழந்தைக்குக்கூட எது படம், எது வீடு என்று கோடு போட்டுவைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கோட்டைப் போட வேண்டியவர் நீங்கள். நீங்களோ சோபாவில் உட்கார்ந்து ரசனையைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தீர்கள்.

கோடு போட ஒருவர் எழுந்தார், அவரையும் விரட்டிவிட்டீர்கள். மைத்துனர் என்றே கடிதம் முழுக்க எழுதுகிறீர்கள். உங்கள் மகளுக்கு அவர் யார் என்று ஓரிடத்தில்கூட எழுதவில்லை. தம்பி, அவர் அவளுடைய தாய்மாமன். காது குத்தியபோது யார் மடியில் அவள் உட்கார்ந்து அழுதாள்? நம் குடும்பங்களில் தாய்மாமனுக்குச் சீர் செய்யும் கடமை மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? பிள்ளைக்கு ஒன்று சரியில்லை என்று தோன்றினால், அப்பாவின் வீட்டிலேயே எழுந்து நின்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கிறது. அந்த உரிமையை மதிக்காத வீட்டில் பெண் குழந்தைக்கு அப்பாவை விட்டால் வேறு முகம் இல்லாமல் போய்விடும். அப்பா தவறும் நாளில் அவள் யாரைப் பார்ப்பாள்? உங்கள் படத்திலேயே அப்படி ஒருவர் வருகிறார். அப்பாவின் பழைய போலீஸ் நண்பர் மார்கஸ், அப்பா சிறையில் இருந்த காலத்தில் குழந்தையை வளர்த்தவர், அவளுடைய குழந்தைப் பருவத்தைத் திருப்பிக் கொடு என்று அப்பாவிடமே வந்து கேட்கிறார். கடைசியில் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் அவர்தான். அந்தக் காட்சியில் நீங்கள் யார் பக்கம் இருந்தீர்கள்?

உங்கள் மைத்துனர் செய்ததிலும் பிழை உண்டு. விருந்துக்கு வந்த வீட்டில், அக்கா சமைத்து வைத்திருக்க, சாப்பிடாமல் எழுந்து போயிருக்கக் கூடாது. நீங்கள் மனிதனே இல்லை என்ற பேச்சும் மிகை. அதை அவருடைய அக்கா அவரிடம் சொல்லட்டும். அவர் திரையைப் பார்த்துக் கத்தவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவருடைய கண் உங்கள் மகள் மேல் இருந்திருக்கும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் மகள். அவளிடம் மன்னிப்பு, விளக்கம் என்று நீண்ட பேச்சு வேண்டாம். நீங்களும் அவளும் மட்டும் இருக்கும் நேரத்தில், அந்தப் படத்தில் எந்த இடம் பிடிக்கவில்லை என்று கேளுங்கள். பிடித்ததா என்று கேட்காதீர்கள், பிடித்தது என்றுதான் சொல்வாள். எல்லாமே பிடித்தது என்று முதலில் சொன்னால், உங்களுக்குப் பிடிக்காத ஓர் இடத்தை நீங்கள் முதலில் சொல்லுங்கள். இருக்கும், தேடிப் பாருங்கள். அதன்பிறகு அவள் வாய் திறப்பாள். எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகப் படத்துக்காக வாதாடாதீர்கள். கேலி, மிகை, மூலக் கதை எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். அவளுக்கு எது பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். அடுத்த விடுமுறை நாளில் என்ன பார்ப்பது, எங்கே போவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். உங்களுக்குச் சலிப்பாக இருந்தால் சலிப்போடு உட்கார்ந்திருங்கள், ஆனால் எழுந்து போகாதீர்கள்.

பிறகு மைத்துனர். அவர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயதில் மூத்தவர் நீங்கள், அவர் பசியோடு போனது உங்கள் வீட்டிலிருந்து. ஃபோனில் சமாதானம் பேசி முடித்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருகிறோம் என்று உங்கள் மனைவி மூலம் சொல்லியனுப்பிவிட்டு, குடும்பத்தோடு அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் கையால் பரிமாறட்டும். படத்தைப் பற்றி அவராக எடுத்தால், குழந்தை இருந்தபோது போட்டது என் தவறு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'ஆனால்' என்று அதற்குப் பின்னால் எதையும் ஒட்டாதீர்கள்.

உங்கள் மனைவி முகம் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று அவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா? தம்பி சாப்பிடாமல் போனதற்காகத்தான் என்று நீங்களாக முடிவு செய்திருக்கிறீர்கள். மைத்துனர் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடுங்கள். அவரும் அன்று அடுப்படியிலிருந்து உங்கள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.