படகு கைக்கு வந்துவிட்டது, ஆர்.சி. இன்னும் வரவில்லை

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். புதுச்சேரி வீராம்பட்டினத்தில் ஒருவரிடம் பழைய பைபர் படகையும் அவுட்போர்டு இன்ஜினையும் சேர்த்து வாங்கினேன். முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டார்கள். ஆர்.சி. என்ற பதிவுச் சான்று அவர் பெயரில்தான் இருக்கிறது. "தொழிலுக்குப் போய்க்கொண்டே மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். பேசிய விலையில் கொஞ்சம் பாக்கி தரவேண்டும். என்ன செய்வது?

பதில்: முதலில், அந்தப் பாக்கியை இப்போது கொடுத்துவிடாதீர்கள். இனி நடக்க வேண்டிய பாதி வேலை, விற்றவர் தம் ஊர் அலுவலகத்தில் போடவேண்டிய கையெழுத்துகளில் இருக்கிறது. முழுப் பணமும் கைக்கு வந்த பிறகு, ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு அலுவலக வாசலில் நிற்க யாருக்கும் மனம் வராது. அவர் நல்லவராகவே இருக்கட்டும்; பாக்கி உங்களிடமே இருக்கட்டும்.

நீங்கள் எழுதிக்கொண்ட பத்திரம் வீண் இல்லை. படகு அசையும் சொத்து. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி உங்கள் இருவருக்கும் இடையில் விற்பனை செல்லும். வீடு, மனைபோல் சார்பதிவாளரிடம் போகவேண்டியதில்லை. ஆனால் மீன்வளத் துறைக்கும் கடலோரக் காவல் படைக்கும் உரிமையாளர் என்றால் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான். புயல் நிவாரணமும் அந்தப் பெயரைத்தான் தேடிவரும். 2011 டிசம்பரில் தானே புயல் நம் கரையை அடித்தது போல இன்னொன்று வந்து படகு உடைந்தால், நீங்கள் முத்திரைத்தாளை நீட்டிக்கொண்டிருப்பீர்கள், கணக்கெடுப்பில் அவர் பெயர் ஏறியிருக்கும்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் கூடுதல். பெண்ணையாற்று முகத்துவாரத்தைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே போனால் புதுச்சேரி. கடலில் கோடு தெரியாது, காகிதத்தில் தெரியும். தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அங்கே 2008ஆம் ஆண்டில் வந்த தனிச் சட்டம். படகின் எண்ணும் அங்கே ஐஎன்டி-பிஒய் என்று தொடங்கும், இங்கே ஐஎன்டி-டிஎன். ஆகவே இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. அங்கே பதிவை முடித்துக்கொண்டு, இங்கே உங்கள் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும்.

விற்றவர் தம் மீன்வளத் துறை அலுவலகத்தில், படகை இன்னாருக்கு விற்றுவிட்டேன், பதிவை ரத்து செய்து தடையில்லாச் சான்று தாருங்கள் என்று மனுக் கொடுக்க வேண்டும். அசல் ஆர்.சி.யும் விற்பனைப் பத்திரமும் கூடவே போகும். அசலைக் கொடுக்குமுன் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிவிடுங்கள். அந்தச் சான்றுடன் நீங்கள் கடலூர் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பம் ரியல்கிராஃப்ட் என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாகப் பதிவாகும். ஆய்வாளர் கரைக்கு வந்து நீளம், அகலம், ஆழம் அளப்பார். இன்ஜின் எண்ணைப் பார்ப்பார். பத்திரத்தில் எழுதிய அளவும் எண்ணும் அவர் பார்ப்பதோடு ஒத்திருக்க வேண்டும். 'பைபர் படகு ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தால், பதிவு எண், நீளம், இன்ஜின் எண் எல்லாம் சேர்த்து ஒரு பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் இப்போதே போட்டுவிடுங்கள்.

இன்ஜினைப் பலரும் படகோடு ஒட்டியதாகவே நினைக்கிறார்கள். அதற்குத் தனி பில், தனி எண். மவுண்டிங் பிராக்கெட்டில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டைத் துணியால் துடைத்துவிட்டுப் படியுங்கள். உப்பு அரித்து எண் தேய்ந்திருந்தால், அல்லது தகடே இல்லையென்றால், அசல் பில் இல்லாமல் நகராதீர்கள். அரசு மானியத்தில் வாங்கிய இன்ஜினாக இருந்தால், குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே வந்திருக்கலாம். அதை விற்றவரிடம் கேட்பதைவிட அவருடைய மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கடன் இரண்டு வகை. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடமானம் இருந்தால் காகிதத்தில் தெரியும். கடன் தீர்ந்த கடிதம் வாங்கச் சொல்லலாம். கரையில் மீனை ஏலம் விடும் ஏலக்காரரிடம் வாங்கிய முன்பணம் எந்தப் பதிவேட்டிலும் இராது. 'மீனை எனக்கே போட வேண்டும்' என்ற பேச்சு அந்தப் படகின்மேல் இருந்தால், ஒரு நாள் உங்கள் கரையில் ஆள் வந்து நிற்பார். இதற்கு வீராம்பட்டினம் ஊர்ப் பஞ்சாயத்தைவிட நல்ல விசாரணை அலுவலகம் கிடையாது. பஞ்சாயத்தார் முன்னிலையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சுருக்குமடி வலை பயன்படுத்திய வழக்கோ அபராதமோ நிலுவையில் இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆர்.சி.யில் உள்ள பெயர் விற்றவருடையதுதானா, அவருடைய அப்பாவுடையதா என்பதையும் பாருங்கள். இறந்தவர் பெயர் என்றால் வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். சுனாமிக்குப் பிறகு நாலைந்து பேர் கொண்ட குழுக்களுக்குத் தரப்பட்ட படகுகள் உண்டு. அப்படி ஒன்று உங்களிடம் வந்திருந்தால் ஒருவர் கையெழுத்து போதாது.

பதிவு வரும்வரை தொழிலுக்குப் போகலாமா? போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். எல்லை தாண்டிப் பிடிபட்ட படகை மீட்க, இலங்கை நீதிமன்றங்கள் உரிமையாளரையே ஆவணத்தோடு நேரில் வரச் சொல்கின்றன. கடலூரிலிருந்து போகும் பைபர் படகுக்கு அந்த நிலை அபூர்வம்தான். நம் கடலிலேயே ரோந்துப் படகு மறித்தாலும் கேள்வி அதேதான்: இது யார் படகு?

படகில் இஸ்ரோ உருவாக்கிய ட்ரான்ஸ்பாண்டர் (ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) இருந்தால், பதிவு மாற்றத்தோடு அதையும் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆபத்துப் பொத்தானை நீங்கள் அழுத்தும்போது, மீட்புக்கு வருபவர்கள் வீராம்பட்டினத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பவரைத் தேடக் கூடாது. புது எண் வந்ததும் பழைய எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தமிழ்நாட்டுக்கு உரிய நிறம் பூசி, இருபுறமும் எண் எழுதிய பிறகு பாக்கியைக் கொடுங்கள்.