என்ன தடவலாம் என்பதற்கு முன், எதை நிறுத்தலாம்?

சென்ற இதழில் மெனோபாஸ், அதாவது மாதவிலக்கு நிற்கும் காலத்துத் தூக்கக்குறைவு பற்றி இரண்டே இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதினேன். அப்புறம் வந்த கடிதங்கள் எல்லாம் தூக்கத்தை விட்டுவிட்டுத் தோல் பக்கம் திரும்பிவிட்டன. அரிப்பு, பரு, மங்கு, சுருக்கம், வெளியே சொல்லக் கூசுகிற இடத்து எரிச்சல். கடைசி வரி மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான்: "என்ன தடவலாம் டாக்டர்?" கிளினிக்கிலும் இதே கேள்விதான். நான் முதலில், இப்போது தடவிக்கொண்டிருப்பதை எல்லாம் மேஜை மேல் எடுத்து வைக்கச் சொல்வேன். ஒரு முறை ஒரே பையிலிருந்து பதினொரு டியூப் வந்தன. அதில் எட்டை மூடிக் கட்டி வைக்கச் சொன்னதுதான் அன்றைய வைத்தியம்.

பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யாருடையதையும் போடவில்லை.

கேள்வி: எனக்கு 48 வயது. மாதவிலக்கு ஒரு மாதம் வருகிறது, இரண்டு மாதம் காணோம். அதோடு சேர்ந்து முதுகு, கை, முழங்காலுக்குக் கீழே எல்லாம் ஒரே அரிப்பு. தடிப்போ பொரியோ இல்லை. இரவில் படுத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, லைட்டைப் போட்டுப் போர்வையை உதறிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வீட்டில் "எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பதில்: பிரமை இல்லை. எறும்பு ஊர்கிற உணர்வுக்கு மருத்துவத்தில் ஃபார்மிகேஷன் என்று தனிப்பெயரே உண்டு, லத்தீனில் எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் போர்வையை உதறியிருந்தால் இதற்கென்று ஒரு பெயர் வைத்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

நடப்பது இதுதான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது தோலில் எண்ணெய் சுரப்பது குறைகிறது. மேலடுக்கில் செல்களுக்கு நடுவே, செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி இருக்கும் செராமைடு என்ற கொழுப்பும் குறைகிறது. சாந்து உதிர்ந்த சுவர் வழியாக உள்ளே உள்ள ஈரம் கசிந்துகொண்டே இருக்கும், வெளியே உள்ள சோப்பும் வாசனைப் பொருளும் உள்ளே போய் நரம்பைக் கிள்ளும். பகலில் முழங்கால் கீழே முன்னெலும்பின் மேல் உள்ள தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நகத்தால் லேசாக இழுத்தால் வெள்ளைக் கோடு ஒன்று நிற்கும், இன்னும் உற்றுப் பார்த்தால் வற்றிய குளத்து மண்போலக் கட்டம் கட்டமாக வெடிப்பு தெரியும். எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவான இடம் என்பதால் வறட்சி அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

சரி, என்ன செய்வது? கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் குளிப்பதை நிறுத்துங்கள். அரிப்புக்குச் சுடுநீர் அந்த நேரத்துக்குச் சுகமாகத்தான் இருக்கும், அரை மணியில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். வெதுவெதுப்பான நீர், ஐந்து பத்து நிமிடம், போதும். உடம்பு முழுவதும் சோப்பு போட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்குப் போட்டால் போதும், மற்ற இடங்களில் தண்ணீர் பட்டாலே அழுக்கு போய்விடும். தேய்க்கிற நார், பிரஷ் எல்லாம் ஓய்வு பெறட்டும். அப்புறம் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், வாசனை சேர்க்காத கெட்டியான மாய்ஸ்சரைசரைத் தடவுங்கள். கிளிசரின், செராமைடு, பெட்ரோலியம் ஜெல்லி, இந்த மூன்றில் ஒன்றிரண்டு லேபிளில் இருந்தால் நல்லது. விலை அதிகமானால் பலன் அதிகம் என்பது இந்த விஷயத்தில் உண்மை இல்லை. தாராளமாகத் தடவ முடிகிற விலையில் உள்ளதே நல்ல மாய்ஸ்சரைசர்.

மூன்று நான்கு வாரம் இப்படிச் செய்தும் அரிப்பு அடங்கவில்லை என்றால் எல்லாப் பழியையும் மெனோபாஸ் தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். தைராய்டு, சர்க்கரை, இரும்புச்சத்து, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தடிப்பே இல்லாத அரிப்புக்கு இவையும் காரணமாகலாம், இந்த வயதில்தான் இவையும் எட்டிப் பார்க்கும்.

கேள்வி: வயது 50. இருபதில்கூட வராத பரு இப்போது தாடையில் வருகிறது, கூடவே நாலைந்து தடித்த முடியும். மகள் பயன்படுத்தும் பருவுக்கான ஃபேஸ்வாஷை நானும் போட்டுக்கொள்கிறேன், எரிகிறது. நிறுத்தவா?

பதில்: இன்றைக்கே நிறுத்துங்கள். மகளின் முகத்தில் எண்ணெய் வழிகிறது, அதை உறிஞ்சத்தான் அந்த ஃபேஸ்வாஷ். உங்கள் முகத்தில் எண்ணெய் வற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் பருவுக்குக் காரணம் வேறு: ஈஸ்ட்ரோஜன் வேகமாக இறங்குகிறது, ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை, தராசு அந்தப் பக்கம் சாய்கிறது. அதனால்தான் தாடை, வாய் ஓரம், கழுத்து என்று கீழ்ப்பகுதியிலேயே வருகிறது. நுரை அதிகம் வராத மென்மையான கிளென்சர், அதன் மேல் மாய்ஸ்சரைசர், வாரத்தில் இரண்டு இரவு பருவுக்கான அடாபலீன் ஜெல் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிய பூச்சாக. ஒவ்வொரு பருவின் மேலும் புள்ளி வைப்பது பலர் செய்யும் தவறு. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். இதற்கும் அடங்காத பருவுக்கு மாத்திரைகள் இருக்கின்றன, அவற்றை நேரில் பார்த்துத்தான் தர முடியும்.

ஒரு முக்கியமான விஷயம். மாதவிலக்கு தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. அதற்கு முன் எப்போதாவது ஒரு மாதம் வந்து போனாலும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. அடாபலீன், ட்ரெடினாயின், ரெட்டினால் போன்ற வைட்டமின் ஏ வகையறாக்கள் கர்ப்பத்தில் கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன். "இந்த வயதிலா டாக்டர்!" என்று சிரித்துவிட்டு அடுத்த மாதம் முகம் வெளிறி வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.

முடியை மழித்தால் தடிமனாக வளரும் என்பது கட்டுக்கதை, தாராளமாக மழிக்கலாம். லேசர் செய்ய நினைத்தால் முடி கறுப்பாக இருக்கும்போதே செய்துகொள்ளுங்கள், நரைத்த முடியை லேசர் பிடிக்காது. அடாபலீன் போடுகிற நாட்களில் முகத்தில் வாக்ஸ் வேண்டாம், தோலும் சேர்ந்து உரிந்து வரும். சில மாதங்களுக்குள் முடி வேகமாக அடர்ந்து, குரலும் கட்டையாகிறது என்றால் ஹார்மோன் பரிசோதனை அவசியம்.

கேள்வி: இரண்டு வருடத்தில் முகம் அப்படியே தளர்ந்துவிட்டது. போட்டோ பார்க்கவே பிடிக்கவில்லை. கொலாஜன் பவுடர் குடிக்கலாமா, கொலாஜன் கிரீம் தடவலாமா, ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதலில், இரண்டு வருடத்தில் தளர்ந்தது உங்கள் கற்பனை இல்லை. மெனோபாஸுக்குப் பிறகான முதல் ஐந்து வருடத்தில் தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடுகிறது, அதன் பிறகு வருடத்துக்கு 2 சதவீதம் அளவுக்கு மெதுவாக இறங்குகிறது. படிக்கட்டில் கடைசி இரண்டு படியை ஒன்றாகத் தாண்டி இறங்கினால் எப்படி இருக்கும், அதுபோலத்தான் கண்ணாடியில் திடீரென்று தெரிகிறது.

கொலாஜன் கிரீம் தோலுக்குள் போகாது. பொதுவாக 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறுகள் தோலைத் தாண்டுவது கடினம், கொலாஜனோ மூன்று லட்சம் டால்டன் அளவு. ஊசித் துளையில் தாம்புக்கயிறு. மேலே உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். பவுடரைக் குடித்தால் வயிறு அதை மற்ற புரதம் மாதிரியே துண்டு துண்டாக்குகிறது. நல்ல பலன் சொல்லும் ஆய்வுகள் நிறைய உண்டு, அவற்றில் பலவற்றுக்குப் பணம் கொடுத்தது அதைத் தயாரிக்கும் கம்பெனிகள்தான். நான் எழுதித் தருவதில்லை.

ஹார்மோன் சிகிச்சையில் தோல் கொஞ்சம் தடிமனாவது, ஈரம் கூடுவது எல்லாம் உண்மையே. ஆனால் அது உடம்பு குப்பென்று சூடாகித் தூக்கம் கெடுகிறவர்களுக்கும், எலும்பைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கும் தரப்படும் மருந்து. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி வந்தவர்களுக்குப் பொதுவாகத் தருவதில்லை. வேறு காரணத்துக்காக எடுத்து, தோலும் நன்றாக ஆனால் லாபம். சுருக்கத்துக்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

உருப்படியாகச் செய்யக்கூடியவை இரண்டு. இரவில் ரெட்டினால் அல்லது மருத்துவர் எழுதித் தரும் ட்ரெடினாயின், வாரம் இரண்டு நாளில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுவது, உலர்ந்த தோல் என்றால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் இது, அதன் மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். பகலில் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக இரண்டு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் சன்ஸ்கிரீனை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போவதே இல்லை என்பவர்களுக்கு: வெயிலில் உள்ள யுவிஏ கதிர் கண்ணாடி ஜன்னலைத் தாண்டி வரும்.

போட்டோ பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை, என்னுடையதையும் நான் பார்ப்பதில்லை.

கேள்வி: என் மனைவிக்குத் திடீர் திடீரென்று முகம் சிவந்து வேர்த்து ஊற்றுகிறது. நடு ராத்திரியில் ஃபேனைக் கூட்டுகிறார், எனக்குக் குளிர்கிறது. இதற்குத் தோலில் ஏதாவது மருந்து உண்டா?

பதில்: தோலுக்கு இல்லை, உங்களுக்கு இன்னொரு போர்வை உண்டு. இந்தச் சூடு மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில் கிளம்புவது, தோல் வெறும் ஜன்னல். அடிக்கடி வந்து தூக்கம் கெடுகிறது என்றால் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், ஹார்மோன் சேராத மாத்திரைகளும் இருக்கின்றன. சிவப்பு அடங்காமல் கன்னத்திலேயே தங்கி, எரிந்து, சின்னச் சின்னப் பொரியும் வந்தால் ரோசேஷியா என்ற தோல் நோயாக இருக்கலாம், அப்போது என் மாதிரித் தோல் மருத்துவரிடம் வாருங்கள்.

கேள்வி: கன்னத்தில் மங்கு. தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு கிரீம் வாங்கினேன். ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆனது. எட்டு மாதமாகப் போடுகிறேன். ஒரு நாள் விட்டால் முகம் சிவந்து எரிகிறது, கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்புக் கோடு வேறு. 

பதில்: ஒரே வாரத்தில் பளிச்சென்று ஆனதே ஒரு துப்பு. டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் இவற்றில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். மூன்றுமே ஸ்டீராய்டு. மெனோபாஸால் ஏற்கெனவே மெலிந்துபோன தோலை இன்னும் மெலிதாக்கிவிட்டது, அந்தச் சிவப்பு நூல்கள் விரிந்துபோன ரத்தக்குழாய்கள். டியூபில் எதுவுமே எழுதவில்லை என்றால் இன்னும் மோசம். முகம் வெளுக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, 2013ல் உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருந்தும் விற்கிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம் அது.

அந்த டியூபோடு தோல் மருத்துவரைப் பாருங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். நிறுத்திய பிறகு சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட முகம் முன்னைவிட மோசமாக இருக்கும். அந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்துபோய்ப் பழைய டியூபையே தேடுகிறார்கள். மங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு சன்ஸ்கிரீன் வாங்கும்போது தோல் நிறத்தில் சாயம் சேர்த்த வகையாக வாங்குங்கள், அதில் உள்ள அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் தடுக்கும், மங்கைக் கறுப்பாக்குவதில் அதற்கும் பங்கு உண்டு.

கேள்வி: வயது 57. எழுதவே கூச்சமாக இருக்கிறது. பிறப்புறுப்பில் அரிப்பு, எரிச்சல், சிறுநீர் போனால் சுரீர் என்கிறது. நான்கு வருடமாகிறது. சுத்தம் போதவில்லையோ என்று ஒரு நாளைக்கு மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவுகிறேன்.

பதில்: நான்கு வருடம்! அம்மா, சுத்தம் அதிகமானதுதான் பிரச்சினையில் பாதி. இந்த இதழில் ஒரே ஒரு பதிலை யாராவது படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள் என்பேன்.

அந்த இடத்துத் தோலும் ஈஸ்ட்ரோஜனை நம்பி இருப்பது. அது இல்லாமல் மெலிந்து, வறண்டு, தொட்டாலே உரசும் நிலைக்கு வந்துவிடுகிறது. உடம்பு சூடாவது சில வருடத்தில் தானாக அடங்கும், இது பெரும்பாலும் தானாக அடங்காது, வைத்தியம் செய்தால்தான் அடங்கும். சோப்பு, வாசனைத் திரவம், ஈரத்துடைப்பான் எல்லாம் நிறுத்தி வெறும் தண்ணீரில் கழுவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லியை வெளிப்புறம் மெல்லப் பூசலாம். உள்ளே வைக்கிற குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் அல்லது மாத்திரை இதற்கு நன்றாக வேலை செய்யும், ரத்தத்தில் மிகக் குறைவாகத்தான் கலக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் மட்டும் முதலில் அந்த மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

ஆனால் அதற்கு முன் ஒருவர் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். காகிதம் சுருங்கின மாதிரி வெள்ளைத் திட்டு இருந்தால் அது லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்ற நோயாக இருக்கலாம், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம் வருவது. கேட்பாரற்று விட்டால் தழும்பாகி உறுப்பின் வடிவமே மாறும், சிறிய அளவில் புற்றுநோய் அபாயமும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், முகத்தில் போடாதே என்று மேலே திட்டினேனே, அந்த குளோபெட்டசால்தான் இதற்கு மருந்து, மருத்துவர் சொன்ன அளவில். ஆறாத புண், கட்டி, அல்லது மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் காத்திருக்காதீர்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள், அதில் தவறில்லை.

கேள்வி: பித்தவெடிப்பு. கல்லால் தேய்த்துத் தேய்த்து ரத்தமே வந்துவிட்டது.

பதில்: கல்லைத் தூக்கி எறியுங்கள். 25 சதவீத யூரியா கிரீம், இரவில் தடவி மேலே பருத்தி சாக்ஸ். வெடிப்பில் ரத்தம் வருகிற இடத்தில் அது எரியும் என்பதால் அங்கே மட்டும் ஆறும்வரை பெட்ரோலியம் ஜெல்லி. சர்க்கரை இருந்தால் இதை எல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் நேரில் போய்க் காலைக் காட்டுங்கள்.