மின்முனையில் ஒட்டிய நுண்ணுயிர்: கேள்வி-பதில்

கேள்வி: அல்ஜினேட்டில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல் பொருள்) பொதிந்த ஷீவனெல்லா (மின்முனைக்கு எலக்ட்ரான் கொடுக்கும் பாக்டீரியா) படலம் இரண்டே நாளில் கரைகிறது. அல்ஜினேட்டைக் கூட்டலாமா?

பதில்: கூட்டிப் பயனில்லை. ஜெல்லைப் பிடித்திருக்கும் கால்சியத்தை உங்கள் பாஸ்பேட் பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) பறித்துவிடுகிறது. ஹெப்பிஸ் பஃபருக்கு மாறி, அதில் 5 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேருங்கள். சிட்ரேட்டும் கால்சியத்தைப் பறிக்கும், கூடவே கூடாது. அல்ஜினேட் 2 சதவீதம் போதும். கெட்டியானால் செல்லின் உணவான லாக்டேட் உள்ளே போகத் திணறும்.

கேள்வி: ஜியோபேக்டருக்கு (இதுவும் மின்முனைக்கு எலக்ட்ரான் கொடுக்கும் பாக்டீரியா) 0.2 வோல்ட் வைத்தேன். சரியா?

பதில்: எதற்கு எதிராக 0.2? ஒப்பீட்டு மின்முனையின் பெயர் இல்லாத வோல்ட் அளவை வைத்து நான் என்ன சொல்ல முடியும்? ஹைட்ரஜன் மின்முனைக்கு எதிராக என்றால் சரி. வெள்ளி-வெள்ளி குளோரைடு என்றால் ஏறக்குறைய 0 வையுங்கள்.

கேள்வி: குளூட்டரால்டிஹைடால் ஷீவனெல்லாவை ஒட்டினேன். எல்பி ஊடகத்தில் (ஈஸ்ட் சாறு கலந்த வளர்ப்புக் கரைசல்) முதல் மணி நேரத்திலேயே நல்ல மின்னோட்டம். கட்டுரை எழுதலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். குளூட்டரால்டிஹைடு கிருமிநாசினி. என்சைமை ஒட்டுகிறவர்களின் பழக்கம் இங்கே வந்து செல்லைக் கொல்கிறது. செத்த செல்லின் வெளிச்சவ்விலும் எலக்ட்ரானைக் கடத்தும் புரதமான சைட்டோக்ரோம் மிஞ்சியிருக்கும். எல்பியின் ஈஸ்ட் சாற்றில் எலக்ட்ரானைச் சுமக்கும் ஃப்ளேவின் வகைப் பொருளான ரிபோஃப்ளேவின் உண்டு. இரண்டுமே வோல்டாமெட்ரி (மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் முறை) வளைவில் மேடு காட்டும். நீங்கள் பார்த்தது எதை?

ஒட்டுவதற்கு பாலிடோபமைன் பூசுங்கள்: மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் டோபமைன், 10 மில்லிமோலார் டிரிஸ் பஃபர், பிஎச் 8.5, காற்றுப்பட சில மணி நேரம். நன்றாக அலசிய பிறகே செல்.

அடுத்து, ஈஸ்ட் சாறு இல்லாத ஊடகத்தில் மூன்று மின்முனைகள்: செல் இல்லாதது, வெப்பத்தால் கொன்ற செல், உயிருள்ள செல். லாக்டேட் தீர்ந்து மின்னோட்டம் அடிமட்டத்துக்கு இறங்கும்வரை காத்திருங்கள். நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை நீக்கிய 1 மோலார் லாக்டேட்டை 100 மில்லிலிட்டருக்கு 2 மில்லிலிட்டர் ஊசியால் செலுத்துங்கள். உயிருள்ளதில் மட்டும் ஏறினால் எழுதுங்கள். லாக்டேட் ஊட்டுவதற்காக ஊடகத்தையே மாற்றிவிடாதீர்கள். செல் சுரந்த ஃப்ளேவினும் சேர்ந்து போய்விடும். 2008-இல் வெளியான மின்னசோட்டா ஆய்வில் அப்படி மாற்றியதும் மின்னோட்டம் 70 சதவீதம்போலச் சரிந்தது.

கேள்வி: கார்பன் ஃபெல்ட்டில் (கார்பன் நாரால் ஆன கம்பளி போன்ற மின்முனை) செல் கரைசல் முத்து முத்தாக நிற்கிறது.

பதில்: புது ஃபெல்ட் தண்ணீரை ஏற்காது. காற்றில் 400 டிகிரி, அரை மணி. சூளை இல்லையென்றால் எத்தனாலில் நனைத்து, காயுமுன் தண்ணீரில் நான்கைந்து முறை அலசுங்கள்.

கேள்வி: செல் ஒட்டிய மின்முனையை ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில்: கூடாது. 4 டிகிரியில், பஃபரில் மூழ்கியபடி, ஓரிரு நாள். அல்ஜினேட் படலமென்றால் அந்தப் பஃபரும் பாஸ்பேட்டாக இருக்கக் கூடாது.