ரவுட்டர் ஃபர்ம்வேரில் 9.8 மதிப்பெண் குறைபாடு என்றால் உடனே மாற்றிவிட வேண்டுமா?

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் நீங்கள், உங்கள் ரவுட்டரின் ஃபர்ம்வேரில் (அதை இயக்கும் உள்மென்பொருளில்) பத்துக்கு 9.8 மதிப்பெண் பெற்ற பாதுகாப்புக் குறைபாடு இருப்பதை அறிந்து, அதை உடனே மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்திலிருந்து மலைமேல் சில விடுதிகளுக்கு நெட்வொர்க் வேலை செய்து தருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். குறைபாடு எவ்வளவு கடுமையானது என்பதைத்தான் சிவிஎஸ்எஸ் (CVSS) என்ற அளவுகோலின் அடிப்படை மதிப்பெண் சொல்லும். உங்கள் ரவுட்டரை யாரால் எட்ட முடியும் என்பது அதற்குத் தெரியாது.

டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரவுட்டரில் கண்டறியப்பட்ட சிவிஇ-2023-1389 (CVE) என்ற பதிவு எண்ணுள்ள குறைபாடு பெற்ற மதிப்பெண் 8.8தான். ஆனால் 2023 மார்ச்சில் திருத்தம் வெளியான பிறகும், ஏப்ரலிலேயே மிராய் பாட்நெட் (தாக்குபவர்கள் கைப்பற்றி இயக்கும் சாதனங்களின் கூட்டம்) அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. மே மாதம் அமெரிக்காவின் சிசா (CISA) என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பு, நடைமுறையில் தாக்கப்படும் குறைபாடுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஆகவே முதலில் அந்தப் பட்டியலில் உங்கள் குறைபாடு இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து, ரவுட்டரின் வேன் (WAN) முகவரியை, அதாவது இணையத்தின் பக்கம் அதற்குத் தரப்பட்ட ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்கள் சிஜிநேட்டுக்கு (இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள். தொலைவிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்க விடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டும் அணைக்கப்பட்டிருந்தால், வெளியிலிருந்து ஒருவர் நேராக வந்து தட்டுவது கடினம். (புதிய முகவரி முறையான ஐபிவி6 இயங்கினால் அதன் ஃபயர்வாலையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.) அஸ்தம்பட்டியில் நான்கு பேர் வாழும் வீடாக இருந்தால், அடுத்த அப்டேட் வரும்வரை பொறுத்திருங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

உங்கள் நிலை வேறு. வரவேற்பு மேசையில் லேமினேட் செய்து ஒட்டப்பட்ட வைஃபை பாஸ்வேர்டைப் பெறும் ஒவ்வொரு விருந்தினரும் உள் நெட்வொர்க்குக்குள் வந்துவிடுகிறார். மே மாத சீசனில் அவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியாது. பில் போடும் கணினியும் சிசிடிவி டிவிஆரும் பெரும்பாலும் அதே இணைப்பில்தான் இருக்கும். விருந்தினர் வைஃபையில் உங்கள் மொபைலை இணைத்து, பிரவுசரில் 192.168.0.1 அல்லது உங்கள் ரவுட்டரின் முகவரியைத் தட்டிப் பாருங்கள். லாகின் பக்கம் திறந்தால், உள்ளிருந்து மட்டுமே தாக்கக்கூடிய குறைபாடும் உங்களுக்கு முழு ஆபத்துதான். விருந்தினர்களை உள் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கை இயக்கி மறுபடி சோதியுங்கள். ஆனால் அந்தப் பிரிவினையைச் செய்வதும் அதே ஃபர்ம்வேர்தான் என்பதால், அதைத் தற்காலிக ஏற்பாடாகவே கருதுகிறேன். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் அப்டேட் தருவதை நிறுத்தியிருந்தால், மதிப்பெண் எதுவாக இருந்தாலும், சீசன் தொடங்குவதற்குள் மாற்றிவிடுங்கள்.