எங்கே நின்று கேட்டீர்கள்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் முதல்முறையாக ஒரு பெரிய ராக் கச்சேரிக்குப் போனேன். பதினைந்து வயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த குழு. தோழி கடைசி நேரத்தில் வரமுடியாமல் போனதால் தனியாகத்தான் போனேன். முதல் பாட்டின் முதல் டிரம்ஸ் அடி நெஞ்சில் விழுந்ததும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், அந்தக் குழுவின் சாயம் போன டீ ஷர்ட்டோடு, இரண்டு மணி நேரமும் கண்ணைத் திறக்காமல் நின்றார். உதடு மட்டும் எல்லா வரிகளுக்கும் அசைந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் எனக்குக் காது இரைந்துகொண்டே இருந்தது. அவ்வளவு அருமையான இரைச்சல்!

மறுநாள் மற்ற ரசிகர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்தேன். ஒருவர் ஒலி படுமோசம், குரலே கேட்கவில்லை என்கிறார். இன்னொருவர் இத்தனை துல்லியமாக எங்கும் கேட்டதில்லை என்கிறார். பாடகர் எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை இறக்கிப் பாடினாராம். பழைய கிட்டாரிஸ்ட் இல்லாமல் இது அந்தக் குழுவே இல்லையாம். போன ஊரில் வாசித்த அதே செட்லிஸ்டாம், பாட்டு வரிசைகூட மாறவில்லையாம். இருபது வருடம் முன்னால் பார்த்திருக்க வேண்டுமாம். படிக்கப் படிக்க எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. விவரம் தெரியாததால்தான் எனக்குப் பிடித்ததா? ஒரு கச்சேரி நன்றாக இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போனில் ஒரு பாட்டையாவது பதிவு செய்திருக்கலாமோ?

ர.

அன்புள்ள ர.,

குழுவின் பெயரைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். பெயர் இருந்தால் பேச்சு முழுக்க அந்தக் குழுவைப் பற்றியே போய்விடும்.

கொஞ்ச காலமாக நான் விரும்பிப் படிப்பதே கச்சேரிக்குப் போய்வந்த ரசிகர்கள் எழுதும் குறிப்புகளைத்தான். விமர்சகர்கள் எழுதுவதைவிட எனக்கு இவை முக்கியம். விமர்சகருக்கு அது ஒரு வேலை நாள். ரசிகர் மாதக்கணக்கில் காத்திருந்து, லீவு சொல்லி, ராத்திரி எப்படித் திரும்புவது என்றுகூட யோசிக்காமல் போகிறார். அவர் கண்ணில் படுவது வேறு யார் கண்ணிலும் படாது. அப்படிப் போனவர் திரும்பி வந்து ‘வேற லெவல்’, ‘மறக்கவே முடியாத இரவு’ என்று இரண்டு வரியோடு முடித்துக்கொள்ளும்போது எனக்கு வயிறு எரிகிறது. எதை மறக்க முடியாது? அதைச் சொல்லாவிட்டால் அடுத்த வருடம் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

உங்கள் மேலும் கோபம்தான். அழுதுகொண்டே ஒரு பாட்டைக் கேட்டவர், விடிந்ததும் முகம் தெரியாதவர்களிடம் போய் நான் அழுதது சரிதானா என்று விசாரிப்பாரா? அவர்கள் தீர்ப்பைப் படிப்பதற்கு முன்னால் உங்கள் குறிப்பை எழுதியிருக்க வேண்டும். எழுதிய பிறகு எத்தனை பேர் சொன்னதை வேண்டுமானாலும் படிக்கலாம், ஒன்றும் ஆகாது. நீங்கள் தலைகீழாகச் செய்துவிட்டு, இப்போது உங்கள் இரவு எது, அவர்கள் இரவு எது என்று தெரியாமல் நிற்கிறீர்கள்.

அரைக்கட்டை இறக்கிப் பாடியது ஒரு குறையே இல்லை. வயதாகும் குரல் இறங்கத்தான் செய்யும். பழைய சுருதியில் கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொள்வதைவிட இறக்கிப் பாடுவதுதான் பாட்டுக்குச் செய்யும் மரியாதை. செட்லிஸ்ட் விஷயமும் அப்படித்தான். ஒளி, திரை, கிட்டார் மாற்றுவது எல்லாம் ஒரு வரிசைக்கு ஏற்பத் தயாராகியிருக்கும்போது ஊருக்கு ஊர் அதை மாற்றுவது எல்லாக் குழுக்களாலும் ஆகாது. கிட்டாரிஸ்டைப் பற்றி நான் வாய் திறக்கப்போவதில்லை.

ஒலிக்கு வருகிறேன். உங்களைக் குழப்பியது அதுதான். குரலே கேட்கவில்லை என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. துல்லியமாக இருந்தது என்று எழுதியவரும் பொய் சொல்லவில்லை. எங்கே நின்று கேட்டோம் என்பதை இருவரும் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. இத்தனை விவரம் இருக்கும் உங்கள் கடிதத்தில், மேடைக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றீர்கள், நடுவிலா ஓரத்திலா என்று ஒரு வார்த்தை இல்லை.

மேடையை ஒட்டிய தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரை டிரம்ஸும், கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிகளும் நேராக வந்து அறையும். குரல் அப்படி வராது. அது மேடையின் இரண்டு பக்கமும் உயரத்தில் தொங்கும் ஸ்பீக்கர் வரிசைகளிலிருந்து வருகிறது. அவை பெரும்பாலும் கூட்டத்தின் நடுவையும் பின்பகுதியையும் பார்த்துத் தொங்குகின்றன. முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலேயே குரல் தாண்டிப் போய்விடும். அவர்களுக்காக மேடை விளிம்பில் சிறிய ஸ்பீக்கர்கள் வைப்பார்கள், சில இடங்களில் அவை போதாது. நடுவில், சவுண்ட் இன்ஜினியரின் மிக்ஸர் மேசையை ஒட்டி நிற்பவர் கொடுத்துவைத்தவர். இன்ஜினியர் தன் காதுக்குச் சரியாக வைப்பதுதான் அவர் காதிலும் விழும். பேஸ் எனும் தாழ்ந்த, கனத்த ஒலி இன்னும் விசித்திரம். இரண்டு பக்க பேஸ் ஸ்பீக்கர்களிலிருந்து கிளம்பும் அலைகள் நடுக்கோட்டில் ஒன்றாகச் சேர்ந்து பலமாகும். ஓரமாகத் தள்ளிப் போனால் சில சுரங்களில் ஒரு அலை மற்றதை அடித்துவிடும், அந்தச் சுரம் காணாமல் போகும். நாலு எட்டு வைத்தால் பேஸ் கிட்டார் வேறு ஆளாகிவிடும். திறந்தவெளி என்றால் காற்று வேறு ஒலியைத் தூக்கிக்கொண்டு போகும்.

இதோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது. கச்சேரிக்கு முன்னால் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் நடப்பது காலி அரங்கில். ஆட்கள் வந்து நிறைந்ததும் அவர்கள் உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று பாட்டுகளில் இன்ஜினியர் எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்துகொண்டிருப்பார். முதல் பாட்டு முடிவதற்குள் ‘சவுண்ட் மோசம்’ என்று போனில் தட்டிவிட்ட ஆட்களும் நீங்கள் படித்த கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

ஒருமுறை ஒரு பெரிய மைதானத்தில் கடைசித் தடுப்பை ஒட்டி நின்று கேட்டேன். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கிட்டத்தட்ட 0.3 விநாடி தாமதம். நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருப்பதே 0.5 விநாடி. கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிரம்மரைப் பார்த்தால், கோல் இறங்கி, மறுபடி மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் அடி வந்து சேர்ந்தது. முன்னால் நிற்பவர்கள் தலைக்கு மேல் கைதூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஒரு இழை தாமதமாகத் தட்டினார்கள். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் அதற்கும் பிறகு. ஒரே தாளம், முன்னாலிருந்து பின்னால் கைகளின் மேல் நடந்து வந்தது. அன்றைக்குக் குழு எப்படி வாசித்தது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். முன்வரிசையில் இருந்தவர் இதைப் பார்த்திருக்கவே முடியாது.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1965 ஜூலை 25, அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. சாதாரண கிட்டாரோடு நாட்டுப்புறப் பாட்டுப் பாடிப் புகழ்பெற்ற பாப் டிலன், மின்சார கிட்டாரோடும் ஒரு குழுவோடும் மேடையேறினார். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. எதற்காக? அன்று அங்கே இருந்தவர்களே இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நாட்டுப்புற இசைக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று கத்தினோம் என்கிறார்கள் சிலர். குரல் கேட்கவில்லை, ஒலியைச் சரிசெய்யுங்கள் என்று கத்தினோம் என்கிறார்கள் சிலர். குழுவோடு மூன்றே பாட்டில் இறங்கிவிட்டார், கோபம் அதற்குத்தான் என்று இன்னும் சிலர். கூச்சலைவிடக் கைதட்டல்தான் அதிகம் என்பவர்களும் உண்டு. இவர்களில் யாரையும் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆம்ப்களுக்கு நேர் எதிரே இருந்தவருக்குக் கிட்டார் மட்டும் காதை அடைத்திருக்கலாம், பின்னால் இருந்தவருக்கு வரிகள் தெளிவாகவே கேட்டிருக்கலாம். எந்த வரிசையில் இருந்தோம் என்பதையும் சேர்த்து ஒவ்வொருவரும் எழுதிவைத்திருந்தால், இந்தச் சண்டையில் பாதி அந்த வருடமே தீர்ந்திருக்கும்.

அடுத்த வருடம், 1966 மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் அதே டிலனைப் பார்த்து ஒருவர், இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரைச் சொல்லி ‘யூதாஸ்’ என்று கத்தினார். அந்த இரவின் ஒலிப்பதிவு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்தது என்ற தப்பான பெயரோடு பல வருடம் கைமாறிக்கொண்டிருந்தது. 1998இல் முறையாக வெளியிட்டபோதும் அந்தப் பழைய பெயரை மேற்கோள்குறிக்குள் வைத்துத்தான் வெளியிட்டார்கள். கத்தியது நான்தான் என்று பிற்பாடு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். அதே கட்டடத்தின் சிறிய அரங்கில் 1976 ஜூன் 4 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு வாசித்தபோது வந்திருந்தவர்கள் சில பத்துப் பேர்தான். நானும் அன்று இருந்தேன் என்று பிறகு சொல்லிக்கொண்டவர்களுக்கு அந்த அரங்கு பத்தாது. இருபது வருடம் முன்னால் பார்த்திருக்க வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் ஒன்று மட்டும் கேளுங்கள்: எந்தப் பக்கம் நின்றீர்கள்? உண்மையாகவே இருந்தவர் முகம் மலர்ந்து சொல்லத் தொடங்கிவிடுவார். அவரை விட்டுவிடாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள்.

சரி, ஒலி நன்றாக இருந்தால்தான் நல்ல கச்சேரி என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம், பீட்டில்ஸ். 55,000 பேருக்கு மேல். பேஸ்பால் ஆட்டத்துக்கு அறிவிப்புச் செய்யும் ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் குரல் போனது. கூட்டத்தின் அலறலில் மேடையில் நின்ற நால்வருக்கே தாங்கள் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை. அங்கே போன பெண்கள் பாட்டி வயதிலும் அந்த நாளைச் சொல்லும்போது கேட்டுப் பாருங்கள். தொண்டை கட்டியதைச் சொல்வார்கள், பக்கத்தில் இருந்தவள் மயங்கி விழுந்ததைச் சொல்வார்கள். ஒலி மோசம் என்று குறைப்பட மாட்டார்கள்.

கல்லூரியில் என் அறை நண்பனிடம் ஒரு கேசட் இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்று யாரோ பதிவு செய்தது, பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்துபோனது. அட்டையில் குழுவின் பெயர் மட்டும்தான், ஊரும் தேதியும் இல்லை. மைக்குக்குப் பக்கத்தில் ஒரு ஆள் விடாமல் இருமுவான். நாலாவது பாட்டுக்கு முன்னால் கிட்டாரில் இரண்டே சுரம் விழும். கூட்டத்துக்கு இன்னும் பிடிபடவில்லை. இருமல்காரன் மட்டும் மூச்சை உள்ளே இழுத்து, பக்கத்தில் இருப்பவனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வான். அதற்கப்புறம்தான் மொத்தக் கூட்டமும் இரையும். ஸ்டூடியோவில் பதிவான அதே பாட்டை இப்போது கேட்டாலும் அந்த இரண்டு சுரத்துக்குப் பிறகு அவனுடைய மூச்சுக்காக என் காது காத்திருக்கிறது. ஒரு ரசிகனின் அனுபவம் இதைவிடச் சுத்தமாகப் பதிவாகி நான் கேட்டதில்லை. அவன் யார், எந்த ஊரில் நின்றான் என்று தெரியாமல் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ரசிகர்களை நான் மதிப்பது இதற்காகத்தான். அந்தக் குழு 1984இல் கச்சேரியைப் பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்று மிக்ஸர் மேசைக்குப் பின்னால் தனி இடமே ஒதுக்கியது. அந்த ரசிகர்கள் தேதி, அரங்கு, மைக் வைத்த இடம் வரை எழுதிவைத்தார்கள்.

போனில் பதிவு செய்யாததற்கு வருந்த வேண்டாம். அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்துக்கொண்டே போனவர்களுக்கு, வெறுமனே பார்த்துக்கொண்டு போனவர்களைவிடக் குறைவாகவே நினைவில் நின்றது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஒரு பொருளின் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. நீங்கள் அந்தப் பெரியவரின் உதட்டைப் பார்த்தீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தின் மிகச் சிறந்த வரி. கச்சேரி முடிந்து கண் திறந்ததும் அவர் என்ன செய்தார்? அவரை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அந்நியர்களின் குறைகளுக்கு ஒரு பத்தியே ஒதுக்கியிருக்கிறீர்கள்.

கடைசியாக, காது இரைந்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அது பெருமை இல்லை, அடிபட்டதன் அடையாளம். 100 டெசிபெல் ஒலியில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்பதே காதுக்கு ஆபத்து. அதற்கு மேல் 3 டெசிபெல் கூடக் கூட அந்த நேரம் பாதி பாதியாகக் குறையும். நீங்கள் நின்றது இரண்டு மணி நேரம். உள்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. தி ஹூ என்ற ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்டதைப் பற்றிப் பல வருடமாக வெளிப்படையாகவே பேசி வருகிறார். இசை கேட்பதற்கென்றே காதடைப்பான்கள் இருக்கின்றன. பஞ்சு வைத்த மாதிரி மந்தமாக்காமல் எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அடுத்த டிக்கெட்டுக்கு முன்னால் அதை வாங்குங்கள். இரைச்சல் இன்னும் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால், முதலில் காது டாக்டரைப் பாருங்கள். எனக்குப் பதில் எழுதுவதெல்லாம் அப்புறம்.