கறிவேப்பிலைக் குளிசை டிஎன்ஏவைக் காக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வயலுக்குப் போனாலும் மடியில் வெற்றிலை, பாக்கு இருக்கும். கறிவேப்பிலைச் சாற்றுக் குளிசை டிஎன்ஏ சிதையாமல் காத்துப் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்தேன். வாங்கிக் கொடுக்கலாமா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம், மகள். விளம்பரம் முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். டிஎன்ஏ என்பது உயிரணுவுக்குள் இருக்கும் மரபு இழை, அது சிதைந்தால் புற்றுநோய்க்கு வழி பிறக்கலாம்.

ஆய்வுகூடத்தில் உயிரணுக்களை மூலிகைச் சாற்றில் ஊறவிட்டு, பிறகு டிஎன்ஏவை முறிக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட் என்ற இரசாயனத்தால் தாக்குவார்கள். அப்புறம் கண்ணாடித் தகட்டில் ஜெல்லுக்குள் பதித்து, சவ்வைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சுவார்கள். முறியாத டிஎன்ஏ உருண்டையாக நிற்கும். முறிந்த துண்டுகள் வால்வெள்ளி மாதிரி வால் நீட்டும். ரோஸ்மேரி, சேஜ் என்ற மேலைநாட்டு மூலிகைகளின் சாறுகள் இட்டபோது அந்த வால் குறுகியதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அங்கே சாறு உயிரணுவை நேரே தொடுகிறது. நாம் விழுங்குவதைக் குடலும் ஈரலும் உருமாற்றிவிடும், இரத்தத்துக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். அதே சாறு அளவு கூடினால் டிஎன்ஏவைத் தானே முறிப்பதும் உண்டு. நல்ல பொருளும் குளிசையானால் கெடுதல் செய்யலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேர் சேர்ந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. கரட் போன்ற காய்கறிகளில் உள்ள பீட்டா கரோட்டினைக் குளிசையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது! காய்கறியில் இருக்கும்போது அது நல்ல பொருள்தான்.

கறிவேப்பிலையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்காமல் சாப்பிடட்டும். வல்லாரைச் சம்பலும் நல்லது. அப்பா இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவரென்றால், எந்த மூலிகைக் குளிசையையும் கிளினிக்கில் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த மடியைப் பற்றித்தான். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வெளியிட்டுவிட்டது. சுண்ணாம்போடு பாக்குச் சேர்ந்தால், ஆய்வுகூடத்தில் பெரொக்சைட் செய்யும் வேலையை வாய்க்குள்ளேயே செய்யும். ஒருபக்கம் அதை மென்றுகொண்டு மறுபக்கம் குளிசை விழுங்குவதில் என்ன பயன்?

சரி, பல வருசப் பழக்கம் ஒரே நாளில் போகாது. புகையிலையும் சேர்ப்பவரென்றால் முதலில் அதை, பிறகு பாக்கை விடச் சொல்லுங்கள். இன்றைக்கே அவர் வாயை டோர்ச் அடித்துப் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தில், நாக்கின் ஓரத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு இருக்கிறதா? மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட முடிகிறதா? ஏதாவது சந்தேகம் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். நோகவில்லை என்று அவர் தட்டிக்கழித்தாலும் விடாதீர்கள், ஆரம்பத்தில் நோகாது.