வன்னி வெயிலில் ஐவிக் கொடி: கேட்டவையும் சொன்னவையும்

கிளிநொச்சியில் பூங்கன்று வளர்த்து விற்கிறேன். கம்பிச் சட்டத்தில் கொடி ஏற்றி உருவம் செய்வது பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

முறிகண்டியிலிருந்து: அண்ணை, நுவரெலியாவில் வாங்கிவந்த ஐவி வைகாசியில் கருகிவிட்டது. நான் என்ன பிழை விட்டேன்?

பிழை உங்களுடையது இல்லை தங்கச்சி, கச்சானுடையது. அந்தச் சூடான வறண்ட காற்றைச் சொல்கிறேன், வறுத்துத் தின்பதை இல்லை. ஐவி குளிர் நாட்டு மர நிழலில் படரும் கொடி. மாமரத்தின் கீழே, காலை வெயில் மட்டும் படுகிற, காற்று மறைப்புள்ள மூலையில் வைத்துப் பாருங்கள். அந்தப் பாடு வேண்டாம் என்றால், மதிலில் ஒட்டிப் படரும் சின்ன இலை அத்திக்கொடி இருக்கிறது. இங்கத்தைய சூட்டை அது நன்றாகத் தாங்கும். வருகிற ஆக்களுக்கு நான் முதலில் காட்டுவதும் அதைத்தான்.

புதுக்குடியிருப்பிலிருந்து: சட்டத்துக்குள் தேங்காய்த் தும்பு அடைத்து நடுவதா, வெறுமனே விடுவதா?

வெறுமனே விடுங்கள் அக்கா. குளிர் நாடுகளில் சட்டத்துக்குள் பாசி அடைத்து அதிலேயே நடுவார்கள். இங்கே ஆடி மாதத்தில் காலையில் நனைத்தது பின்னேரம் காய்ந்துவிடும். வேர் சாடி மண்ணில் இருக்கட்டும், கொடி மட்டும் கம்பியில் ஏறட்டும். சட்டத்தின் கால்களைச் சாடியின் அடிவரை இறக்கி மண்ணை இறுக்குங்கள், காற்றுக்குச் சாயாது.

ஐவி பயற்றங்கொடி போலச் சுற்றி ஏறாது. தண்டிலுள்ள குட்டி வேர்களால் மதிலையோ மரப்பட்டையையோ பற்றும். வழுவழுத்த கம்பி அதற்குப் பிடிபடாது. அதனால் கொடியைக் கம்பிக்கு உள்ளே, வெளியே என்று பின்னி, சணலால் தளர்வாகக் கட்ட வேண்டும். முதல் தடவை ஒரு மயில் உருவத்தில் நான் இறுக்கிக் கட்டினேன். தண்டு தடித்தபோது கட்டு வெட்டி, மயிலின் கழுத்துக்கு மேல் முழுவதும் வாடிப்போனது. அப்புறம், நுனிக் கொழுந்தைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை வெடித்தால்தான் கம்பி மறையும்.

தும்பு அடைத்தே தீருவேன் என்றால், மூன்று நான்கு தரம் தண்ணீர் மாற்றி ஊறவையுங்கள். புதுத் தும்பில் உப்பு இருக்கும்.

முல்லைத்தீவிலிருந்து: சட்டம் செய்யக் கட்டுக்கம்பி போதுமா?

போதாது தம்பி, உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். நாகம் பூசிய கல்வனைஸ் கம்பி வாங்குங்கள். உடம்புக்கு 4 மில்லிமீற்றர், குறுக்குக்கு அதைவிட மெல்லியது.

வவுனியாவிலிருந்து: இலையெல்லாம் தூசி படிந்ததுபோல் வெளிறுகிறது.

இலைக்குக் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். ஊசிமுனை அளவு புள்ளிகள் விழுந்து நடந்தால் அது செஞ்சிலந்திப் பேன். வறண்ட சூட்டில்தான் பெருகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடியுங்கள். அடங்காவிட்டால் வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும்.

மாங்குளத்திலிருந்து ஒரு ரீச்சர்: பள்ளிக்கூட முற்றத்துக்கு யானையா, மயிலா?

யானையை விரட்ட வெடி கொளுத்துகிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி! ஆனாலும் யானைதான் ரீச்சர். தடித்த உடம்பில் இலை பொருந்தும். மயிலின் மெல்லிய கழுத்து இலைக்குள் காணாமல் போகும். ஒன்று மட்டும், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் ஐவி வேண்டாம். இலையைத் தின்றால் நஞ்சு, சாறு பட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும். அத்திக்கொடியை ஏற்றுங்கள். அதன் பால் பட்டாலும் சிலருக்குத் தோல் அரிக்கும், வெட்டுகிற நாளில் கையுறை போட்ட பெரியவர் ஒருவர் வெட்டட்டும்.